டிஸ்க் மாத்தணுமா, லேத் போட்டாப் போதுமா? வீட்டு வண்டியின் பிரேக் பற்றி ஒரு நீண்ட பதிவு



போன வாரம் ஓர் இரும்புத் தட்டின் படத்தைப் போட்டு, "இது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று கேட்டிருந்தேன். தோசைக்கல் என்றவர்கள் நான்கு பேர். ஒருத்தி, "டீச்சர், நம்ம ஸ்கூல் மணியா அது?" என்று கேட்டிருந்தாள். மூன்று பேர்தான் சரியாகச் சொன்னீர்கள். அது எங்கள் வண்டியின் முன் சக்கரத்தில் இருந்த பிரேக் டிஸ்க். ஸ்பேர் பார்ட்ஸ் கடை பில்லில் ரோட்டர் என்று போடுவார்கள், பட்டறையில் டிஸ்க் என்றால்தான் புரியும். நானும் டிஸ்க் என்றே எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு வந்த கேள்விகள்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். "எங்க வண்டியும் பிரேக் பிடிச்சா நடுங்குது அத்தை", "லேத் போட்டாப் போதும்னு சொல்றாங்க, சரிங்களா டீச்சர்?", "டிஸ்க் நெளிஞ்சிருச்சாமே?" என்று ஆளுக்கொன்று கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது. பதிவு நீளம்தான், டீயை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் எங்கள் வண்டியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழு பேர் உட்காரும் எஸ்.யூ.வி. கம்பெனிப் பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவது எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும். வீட்டுக்காரர் இருந்தவரை வண்டி அவர் இலாகா. 80 பக்க நோட்டு ஒன்று போட்டு எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் என்ன மாற்றினார் என்று எழுதி வைப்பார். அவர் போன பிறகு அந்த நோட்டு என் கைக்கு வந்தது. இப்போது வண்டியை அதிகம் ஓட்டுபவர் மாப்பிள்ளை. மகள் வால்பாறையில் நர்ஸ். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பேரனையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிப் பொள்ளாச்சிக்கு வருவார்கள், ஞாயிறு மாலை ஏறிப் போவார்கள்.

இந்த வருடம் தை முடிந்த சமயத்தில் மாப்பிள்ளை, "அத்தை, அட்டகட்டி தாண்டி இறங்கும்போது பிரேக் வச்சா ஸ்டீயரிங் கையில் துடிக்குது. மேல ஏறும்போது ஒண்ணும் இல்ல" என்றார். மகள் அன்றைக்கே, "அம்மா, வண்டிய வித்துரலாம், நாங்க பஸ்ஸிலயே வந்துக்கறோம்" என்றாள். வண்டி ஓடியிருந்தது 61,000 கிலோமீட்டர்தான். ஒரு நல்ல பட்டறையில் காட்டினோம். சக்கரத்தைக் கழற்றாமலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்: முன்னால் டிஸ்க், பேட், கேலிப்பர் கிட், பின்னால் டிரம், ஷூ. எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். பென்ஷன்காரிக்கு அது சின்னத் தொகை இல்லை. அவர்கள் ஏமாற்றப் பார்த்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அளக்காமல் சொன்னார்கள், அதுதான் என் வருத்தம்.

பெரியப்பா முறை ஆகும் உறவினர் ஒருவர், "எதுக்கும்மா அவ்வளவு செலவு? லேத்துல குடுத்து ஒரு சுத்து கடைஞ்சா புதுசாட்டம் ஆயிரும். ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும்" என்றார். ஒரு பக்கம் 31,000, இன்னொரு பக்கம் 1,000. நடுவில் நாற்பது வளைவும் என் பேரப்பிள்ளைகளும். எது சரி என்று யார் சொல்வது?

டிஸ்க் என்ன வேலை செய்கிறது?

ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். சைக்கிளில் பிரேக் பிடித்தால் ரப்பர் கட்டை ரிம்மைக் கவ்வும் இல்லையா? காரில் ரிம்முக்குப் பதிலாகச் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புத் தட்டு இருக்கிறது. அதுதான் டிஸ்க். இரண்டு பக்கமும் பிரேக் பேட். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் பேடுகளைத் தட்டின்மேல் அழுத்துகிறது. ஓட்டம் நிற்கிறது.

ஓட்டம் எங்கே போனது? காணாமல் போகவில்லை, சூடாக மாறிவிட்டது. பிரேக்கைப் பற்றி இந்த ஒன்றை நினைவில் வைத்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஓட்டத்தைச் சூடாக்கி, அந்தச் சூட்டைக் காற்றில் விடுவதுதான் பிரேக்கின் வேலை.

கணக்குப் போடுவோமா? ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள வண்டி 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் சுமார் 1,23,000 ஜூல் சூடு. 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால்? வேகம் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு: சுமார் 4,94,000 ஜூல். ஒன்றரை லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. நான்கைந்து நொடியில் அவ்வளவும் சக்கரங்களில் இறங்குகிறது.

இப்போது மலையிறக்கம். அதே வண்டி உயரத்தில் 800 மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். சுமார் 1 கோடியே 57 லட்சம் ஜூல். 50 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். கல்யாண வீட்டு அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்கினால் பெரும்பங்கை இன்ஜின் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுக்க பிரேக்கின் தலையில்தான்.

அதனால்தான் எஸ்.யூ.வி. போன்ற கனமான வண்டிகளில் முன் டிஸ்க் ஒற்றைத் தட்டாக இருக்காது. இரண்டு தட்டு, நடுவில் சின்னச் சின்னத் தடுப்புகள், இடைவெளி. சுற்றும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து ஓரம் வழியாக வீசும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரத்தில் ஜன்னல் ஜன்னலாகத் தெரியும். செய்திருப்பது வார்ப்பிரும்பில். விலை மலிவு என்பது மட்டும் காரணமில்லை. சூட்டை நன்றாக வாங்கிப் பரப்பும், அதிர்வை அடக்கும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாயும். அதனால் முன் சக்கரங்களுக்குத்தான் வேலை அதிகம். நம் ஊர் வண்டிகள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று வைத்திருப்பதும் அதனால்தான். எங்கள் காலத்து அம்பாசடரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம். டிரம் மூடிய குண்டான்போல, உள்ளே ஏறிய சூடு சுலபத்தில் வெளியே போகாது. டிஸ்க் திறந்த தட்டு, காற்று நேராகப் படும். இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902இலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் 1953இல் லே மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் ஜெயித்த பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. நல்ல யோசனைக்கும் காலம் வரவேண்டியிருக்கிறது.

நடுக்கம் ஏன் வருகிறது?

"டிஸ்க் நெளிந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறோம். அப்பளம்போல அது வளைந்துவிடுவதில்லை. பெரும்பாலும் நடப்பது வேறு. தட்டின் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் போய்விடுகிறது. ஓரிடம் சற்றுக் கனம், ஓரிடம் சற்று மெலிவு. பேட் இரண்டும் கவ்விக்கொண்டிருக்கும்போது கனமான இடம் வந்தால் தள்ளும், மெலிந்த இடம் வந்தால் உள்ளே போகும். அந்தத் தள்ளலும் இழுப்பும் சக்கரம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் நடக்கும். கைக்கு வரும்போது அது நடுக்கம்.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் தெரியும்? ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கே போதும். நம் தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை.

அந்த வித்தியாசம் எப்படி உண்டாகிறது? எனக்குச் சொல்லிக்கொடுத்த மூன்று காரணங்கள்:

ஒன்று, டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு. துருவின்மேல் உட்கார்ந்த டிஸ்க் ஒரு மயிரிழை சாய்ந்தே சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேயும்.

இரண்டு, வீல் நட்டுகளை ஒன்றுக்கு அதிகமும் ஒன்றுக்குக் குறைவுமாக முறுக்குவது. பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கி வைத்து 'டர்ர்' என்று வரிசையாக முடுக்குகிறார்களே, அது.

மூன்று, டிஸ்க் கடுமையாகச் சூடேறிய பிறகு வண்டியை நிறுத்திப் பெடலை மிதித்தபடியே இருப்பது. பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு குறிப்பு. ஸ்டீயரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டும் பெடலும் மட்டும் அதிர்ந்தால் பின் சக்கரமாக இருக்கலாம். திடீரென்று முழு பலத்தோடு மிதிக்கும்போது பெடல் கடகடவென்று காலைத் தட்டினால் பயப்படாதீர்கள், அது ஏ.பி.எஸ். வேலை செய்வது. காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். சாதாரணமாக மெதுவாக மிதிக்கும்போதும் துடித்தால்தான் டிஸ்க்கைப் பார்க்கவேண்டும்.

அளந்து பார்த்தது

உடுமலை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒருவன் என் மாணவன். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். 'அவன்' என்று எழுதுவதற்கு மன்னிக்கவும், அவன் பெண்ணே கல்லூரிக்குப் போகிறாள். ஐந்தாம் வகுப்பில் தசம எண்கள் நடத்தும்போது, "டீச்சர், புள்ளிக்குப் பின்னாடி ரெண்டு நம்பர் எதுக்குங்க? கடைக்காரன் அதெல்லாம் பாப்பானுங்களா?" என்று கேட்டவன்.

வண்டியை ஜாக்கியில் தூக்கியதும் கீழே ஸ்டாண்டு வைத்தான். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையை உள்ளே விடக்கூடாது என்றான். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கைத் துடைத்து, மைக்ரோமீட்டரை எடுத்தான். வெர்னியர் போதாதா என்று கேட்டேன். "தேஞ்ச டிஸ்க்குல ஓரத்துல ஒரு வரப்பு நிக்குமுங்க டீச்சர். வெர்னியர் அந்த வரப்பு மேல உக்காந்துக்கும். கனமா இருக்கற மாதிரி பொய் சொல்லும்" என்றான். ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தான். அவன் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன்.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் எவ்வளவு தேயலாம் என்ற எல்லை, குறைந்தபட்சக் கனமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஓரத்திலோ நடு மேட்டிலோ இருக்கும். எங்கள் டிஸ்க் புதிதாக இருந்தபோது 26 மில்லிமீட்டர், எல்லை 24. வலது டிஸ்க்கில் கிடைத்த எண்கள் 24.37இலிருந்து 24.41 வரை. வித்தியாசம் 0.04. நடுக்கத்துக்குக் காரணம் அங்கே நின்றது. இடது டிஸ்க்கில் குறைந்தது 24.52, வித்தியாசம் 0.02.

"பாருங்க டீச்சர், புள்ளிக்குப் பின்னாடி ரெண்டு நம்பர்" என்றான். அவன் மறக்கவில்லை.

பின்னால் டிரம்களையும் திறந்தான். டிரம்முக்கு எல்லை தலைகீழ். தேயத் தேய உள்விட்டம் பெரிதாகும் என்பதால் அதிகபட்ச விட்டத்தைப் பொறித்திருப்பார்கள். இரண்டும் எல்லைக்குள் இருந்தன, ஷூவிலும் போதுமான கனம் இருந்தது. "இதைத் தொட வேண்டியதில்லீங்க" என்று தூசியைத் துடைத்து மூடிவிட்டான். அந்தத் தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ பறக்கவிடக்கூடாது, நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைப்பதுதான் நல்லது.

லேத்தா, புதுசா?

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். கடைசல் என்பது தப்பான வேலை இல்லை. டிஸ்க்கில் போதுமான கனம் இருந்து, நல்ல லேத்தும் கை பழகிய ஆளும் கிடைத்தால் அது நியாயமான சிக்கனம். ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு முகமும் சமமாக வர ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் எடுக்கவேண்டும். இரண்டு பக்கத்துக்கும் 0.50. 24.37இலிருந்து 0.50 போனால் 23.87. எல்லை 24. முடிந்தது கதை.

"0.13தானேம்மா குறையுது, அதுல என்ன வந்துரும்?" என்று பெரியப்பா கேட்டார். நல்ல கேள்விதான். தட்டின் கனம்தான் சூட்டை வாங்கிவைக்கும் பாத்திரம். தட்டு மெலிந்தால் அதே சூட்டில் இன்னும் அதிகமாகக் காயும். மெல்லிய தோசைக்கல் சட்டென்று காய்ந்து கருகுவதை அடுப்படியில் பார்க்கிறோமே, அதேதான். அதிகமாகக் காய்ந்தால் பேடின் பிடி தளரும், பிரேக் ஆயிலுக்குச் சூடு ஏறும், தட்டில் விரிசல் விழும். தட்டும் பேடும் மிகவும் தேய்ந்தால் பிஸ்டன் தன் இடத்தைவிட்டு அளவுக்கு மீறி வெளியே வரவேண்டியிருக்கும். எல்லையை எழுதியவர்கள் சமவெளியில் காய்கறி வாங்கப் போகும் வண்டியை மட்டும் நினைத்து எழுதவில்லை.

கடையாமல் அப்படியே விட்டால்? அதற்கும் கணக்குப் போட்டேன். 61,000 கிலோமீட்டரில் 1.63 தேய்ந்திருக்கிறது. மீதி 0.37. அதே விகிதத்தில் போனால் இன்னும் 13,000 அல்லது 14,000 கிலோமீட்டர் ஓடலாம். ஆனால் நடுக்கம் தானாகக் குறையாது, ஏறத்தான் செய்யும். நடுங்கும் வண்டியில் ஓட்டுபவர் பயந்து பயந்து பிரேக் வைப்பார். எந்த வளைவில் சிங்கவால் குரங்கு குறுக்கே வரும், எந்த வளைவில் பஸ் வரும் என்று தெரியாத ரோட்டில் அது ஆகாது.

இடது டிஸ்க் இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது, வலதை மட்டும் மாற்றினால் என்ன என்று நானே கேட்டேன். ஒரே அச்சின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும் என்றான். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிடியும் சூடும் வேறுபட்டு வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஜோடி மாடுகளில் ஒன்று இளசு ஒன்று கிழடு என்றால் வண்டி எப்படிப் போகும் என்று நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். பேடும் அப்படித்தான். புது டிஸ்க்குக்குப் புது பேட். பழைய பேடில் பழைய தட்டின் வரிகள் பதிந்திருக்கும்.

முடிவாக இரண்டு முன் டிஸ்க், ஒரு செட் பேட், பிரேக் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 12,400 ரூபாய். 31,000மும் இல்லை, 1,000மும் இல்லை. இந்த எண்ணைக் கொடுத்தது எந்த நிபுணரின் அபிப்பிராயமும் இல்லை, மைக்ரோமீட்டர்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

நீங்களே மாற்றச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

1. கேலிப்பரைக் கழற்றினால் அதைக் கம்பியால் மேலே கட்டவேண்டும். பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயில் தொங்கவிடக்கூடாது. உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது.

2. ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துருப்போகத் தேய்க்கவேண்டும். ஐந்து நிமிட வேலைதான், பலர் செய்வதில்லை. இதைச் செய்யாமல் புது டிஸ்க் போட்டால் சில மாதத்தில் அதே நடுக்கம் திரும்பி வரும்.

3. புது டிஸ்க் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும். பிரேக் கிளீனர் போட்டு அதைத் துடைத்த பிறகுதான் மாட்டவேண்டும். கையில் கிரீஸோடு தட்டையும் பேடையும் தொடக்கூடாது.

4. கேலிப்பர் நகரும் பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கென்றே உள்ள சூடு தாங்கும் கிரீஸ் வைக்கவேண்டும். பின் இறுகினால் ஒரு பேட் மட்டும் தேயும், சக்கரம் ஓயாமல் சூடாகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

5. புது பேடுக்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் போய்விடும். பட்டுவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும்.

6. வீல் நட்டுகளை எதிரெதிராகக் கோலப்புள்ளி இணைப்பதுபோல மாற்றி மாற்றி முடுக்கவேண்டும். கடைசி முறுக்கு, வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சில்.

7. வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடல் கெட்டியாகும்வரை நான்கைந்து முறை மிதிக்கவேண்டும். முதல் மிதி தரை வரைக்கும் போகும். இது தெரியாமல் பட்டறைச் சுவரில் இடித்தவர்கள் உண்டு.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. டாட் 3, டாட் 4 ரகங்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளவை, நம் வீட்டு உப்புபோல. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி சூடு வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மலையிறக்கத்தில் அது கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி வரும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. காலை மிதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அல்லது கையேட்டில் சொன்ன காலத்தில், மாற்றிவிடுங்கள். வீட்டுக்காரர் நோட்டில் கடைசியாக ஆயில் மாற்றிய தேதி இருந்தது. மூன்று வருடம் ஆகியிருந்தது. அதனால்தான் அதையும் மாற்றினோம். நோட்டுப் போட்டு வைப்பதன் அருமை அன்றைக்குத் தெரிந்தது.

புது டிஸ்க்கைப் பழக்குவது

மாட்டியவுடன் மலைக்குப் போகக்கூடாது. புது பேடும் புதுத் தட்டும் ஒன்றோடொன்று பழகவேண்டும், பேடின் பொருள் தட்டின்மேல் சீரான மெல்லிய படலமாகப் படியவேண்டும். விடிகாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து ஆழியாறு ரோட்டுக்குப் போனோம். அவன் ஓட்டினான். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிதானமாக மிதித்து 20க்குக் கொண்டுவருவது, முழுக்க நிறுத்தாமல் மறுபடி வேகமெடுப்பது, நடுவில் சற்றுத் தூரம் காற்று வாங்க விடுவது. இப்படிப் பத்து முறை. எண்ணுவது என் பொறுப்பு. பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட்டோம். அடுத்த 300 கிலோமீட்டர் வரை அவசியமில்லாமல் கடுமையாகப் பிரேக் வைக்காதீர்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியனுப்பினான். பேட் கம்பெனி தாளில் வேறு முறை எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

அதன் பிறகு நான்கு முறை இறங்கி ஏறியாகிவிட்டது. ஸ்டீயரிங் துடிப்பு இல்லை. வண்டியை விற்கும் பேச்சும் இல்லை. கழற்றிய டிஸ்க்குகள் இரண்டும் சேர்த்து 16 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்று பழைய இரும்புக்குப் போனது. இன்னொன்றை நான் வேலை பார்த்த பள்ளியின் அறிவியல் அறைக்குக் கொடுத்தேன். உராய்வுப் பாடம் நடத்த இதைவிட நல்ல துணைக்கருவி கிடைக்காது.

மலையிறங்கும் பிள்ளைகளுக்கு

டிஸ்க்கின் ஆயுள் பாதி பட்டறையில் இருக்கிறது, மீதி ஓட்டுபவர் காலில். ஏறும்போது எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்னால் ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து டிஸ்க்குக்குக் காற்று கொடுங்கள். கருகல் வாடை வந்தால் அது பக்கத்து வண்டி என்று நினைக்காமல், பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவேண்டாம், வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். அடிவாரம் வந்ததும் வண்டி கழுவுவதும் வேண்டாம். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். அது மரியாதை மட்டுமில்லை, சாலை விதியும்கூட.

மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத்தில் துரு தெரிந்தால் கலங்கவேண்டாம், நான்கு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். கீச்சென்று விடாமல் சத்தம் வந்தால் பேட் தீரப்போகிறது என்று பொருள். கரகரவென்று இரும்பு உரசினால் தீர்ந்துவிட்டது என்று பொருள், அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள்.

கடைசியாக வீட்டுப்பாடம். டீச்சர் வீட்டுப்பாடம் இல்லாமல் விடமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒன்று, உங்கள் வண்டிக் கையேட்டில் டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். கையேட்டில் இல்லையென்றால் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

இரண்டு, கடைசியாகப் பிரேக் ஆயில் மாற்றியது எப்போது? பதில் தெரியாதவர்கள் இந்த மாதமே பட்டறைக்குப் போகவேண்டும்.

மூன்று, அடுத்த சர்வீசில் "டிஸ்க்கை அளந்து எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மாத்தணும் என்றாலும் வேண்டாம் என்றாலும் எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லாதவரிடம் பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

நான்கு, ஒரு நோட்டுப் போடுங்கள். 40 பக்க நோட்டே போதும். நீங்கள் இல்லாத நாளிலும் வீட்டில் யாரோ ஒருவர் அதைப் புரட்டுவார்கள்.

முடித்தவர்கள் எண்ணோடு எனக்கு எழுதுங்கள். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருக்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்